வலப்பக்கத்துப் பட்டைகள்

படகு கரைக்கு வரும்போதெல்லாம் டிரைவர் தன் மனைவியை நோக்கிக் கயிற்றை வீசுவார். அவள் ஒரு நாளும் பிடித்ததில்லை. துறையின் கோடியில் இருக்கும் இரும்புத் தூணுக்குப் பக்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பாள். கயிறு அவள் காலடியில் விழும். இல்லையென்றால் தண்ணீரில் விழும்.

"பிடிச்சா என்ன, கை தேஞ்சா போயிடும்?" என்பார் டிரைவர்.

"உங்க சக்களத்திக்கு நான் எதுக்குக் கயிறு பிடிக்கணும்? அவளையே பிடிச்சுக்கச் சொல்லுங்க."

துறையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே குதித்து இறங்கி, ஈரக் கயிற்றைத் தானே எடுத்துத் தூணில் கட்டுவார். கட்டி முடிக்கும்வரை அவள் முகம் கடுகடுவென்றுதான் இருக்கும். பிறகு இருவரும் ஒரே குடைக்குள் வீட்டுக்கு நடப்பார்கள்.

டிரைவர் என்றால் பஸ் டிரைவர். வாரம் முழுக்க நகரத்துக்குள் பஸ் ஓட்டிவிட்டு, விடுமுறை நாளில் அந்தப் பழைய பாய்மரப் படகுக்கு ஓடிவிடுவார். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை மனைவியையும் ஏற்றிக்கொண்டு போனார். அவள் வாந்தியெடுத்து, அழுது, கரைக்கு வந்ததும் மண்ணைத் தொட்டு, "இனி செத்தாலும் இதுல ஏற மாட்டேன்" என்று சபதம் போட்டாள். ஏறவில்லைதான். ஆனால் அவர் போன ஒவ்வொரு நாளும், அவர் திரும்பும் நேரத்துக்கு அந்தத் தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவாள். கோபமாகத்தான் நிற்பாள். பயத்தைக் கோபமாக உடுத்திக்கொள்கிறவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள் இல்லையா, அப்படி ஒருத்தி அவள்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. டிரைவரின் தம்பி அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருந்தார். அவர் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். அவர்கள் மூன்று பேர்தான் குடும்பம். நாலாவதாக அந்தப் படகு.

டிரைவருக்கு நோய் வந்தது வயிற்றில். ஆள் பார்க்கத் திடமாக இருந்தார், நிறம்கூட மாறவில்லை. உள்ளே எல்லாம் கெட்டுப்போயிருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அறுத்துப் பார்த்து, அப்படியே தைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி அவர் ஆசைப்பட்டதைக் கொடுங்கள், இன்னும் ஓரிரு மாதம் இருப்பார் என்றார் மருத்துவர். சாப்பாட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"என்ன வேணும், சொல்லுங்க. செஞ்சு தர்றேன்."

அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார். "ஒரே ஒரு தடவை கல்கரைக்கு அந்தப் பக்கம் போயிட்டு வரணும்."

துறைக்கு வெளியே அலையைத் தடுக்கக் கல் கொட்டிப் போட்டிருப்பார்களே, அதைத்தான் கல்கரை என்றார். அதைத் தாண்டினால் திறந்த கடல்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"நீயா?"

"நானேதான். கூட ஏறி உக்காந்துக்கறேன்."

"அதெல்லாம் வாய்ப்பேச்சு. கையில அடிச்சுச் சொல்லு."

அவர் உள்ளங்கையை நீட்டினார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. அவள் அடித்துக் கொடுத்தாள்.

படகு கொஞ்ச காலமாகவே யாரும் தொடாமல் கிடந்தது. தையல்காரர் போய்ப் பார்த்தார். கூடவே துறையில் படகு பழுது பார்க்கும் ஒருவரை அழைத்துக்கொண்டு போனார். அந்த மனிதரின் சொந்தப் பெயரைக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. படகில் எது உடைந்திருந்தாலும் எது ஒழுகினாலும் "ஒண்ணும் ஆகாது" என்பார். அதனால் அவர் பெயரே ஒண்ணுமாகாது என்றாகிவிட்டது.

அந்த ஒண்ணுமாகாதுவே படகின் உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பாய்மரம் நிமிர்ந்து நிற்பதற்கு இரண்டு பக்கமும் கம்பிகள் இழுத்துக் கட்டியிருப்பார்கள். அந்தக் கம்பிகளின் அடி முனையைப் பிடித்திருப்பது விரல் கனத்தில் எவர்சில்வர் பட்டைகள். பட்டையின் தலை மட்டும் மேல்தளத்துக்கு வெளியே தெரியும். உடம்பு தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே போய், படகின் உள்சுவரில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். பக்கத்துக்கு மூன்று பட்டை. வெளியே தெரிந்த தலையெல்லாம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. ஆனால் உள்ளே வலப்பக்கச் சுவரில் பழுப்பாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது, அழுத கன்னத்தில் மை வழிந்த மாதிரி.

மரத்தை இறக்கிக் கட்டைகளின் மேல் படுக்கவைத்துவிட்டுப் பட்டைகளைக் கழற்றினார்கள். இடப்பக்கத்தவை விரிசல் விட்டிருந்தாலும் முழுசாக வந்தன. வலப்பக்கத்தவை வரும்போதே இரண்டாக முறிந்தன. தளத்துக்குள் மறைந்திருந்த இடத்தில் ஈரம் தங்கித் தங்கி, காற்றே படாமல், புழு அரித்த மாதிரி அரித்துப் போயிருந்தது.

"இதை நம்பிப் பாயை ஏத்தியிருந்தா மரம் தலையிலதான்" என்றார் ஒண்ணுமாகாது. "எல்லாத்தையும் புதுசாப் போட்டுடலாம். அளவு கொடுத்தா லேத் பட்டறையில வெட்டி, துளை போட்டுக் கொடுப்பாங்க. ஒண்ணும் ஆகாது."

தையல்காரர் ஒரு முறிந்த துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துறைக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த டிரைவரின் மனைவியிடம் அதை நீட்டினார். "அண்ணி, இதைப் பாருங்களேன். மேல என்ன அழகு. உள்ள..."

அவள் பார்த்தாள். அவர் நிறுத்திக்கொண்டார். அவள் கையிலிருந்த துணியில் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"இதை அவர் கண்ணுல காட்ட வேண்டாம் தம்பி. இதைப் பத்தி எதுவும் அவர்கிட்ட கேக்கவும் வேண்டாம். வேலை நடக்குதுன்னு மட்டும் சொல்லு."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று தையல்காரருக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரியும். அன்பினால் சொன்னதுதான். அந்த அன்பு என்ன செய்தது என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

முறிந்தவை முடிச்சுக்குள் போய்விட்டதால், தையல்காரர் இடப்பக்கத்துப் பட்டைகளை மட்டும் தன் கடைக்கு எடுத்துப் போனார். வெட்டும் மேசை மேல் தடித்த அட்டையை விரித்து, பட்டையை வைத்து, சாக்குக்கட்டியால் சுற்றி வரைந்து, துளைகளைக் குறித்தார். பிறகு, வாழ்நாள் முழுக்க என்ன செய்தாரோ அதையே செய்தார். அட்டையை மடித்தார். மடித்து வெட்டினார். சட்டையின் முன்பக்கம் இரண்டையும் அப்படித்தானே வெட்டுவது? ஒரு பக்கத்துக்கு அளவு எடுத்தால் மறுபக்கம் தானே வந்துவிடும். அண்ணி எதிரில் நின்று அட்டையின் முனையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இடையில் டிரைவர் கட்டிலில் இருந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். "என்னடா ஆச்சு? பட்டையெல்லாம் பாத்தியா?"

"நடந்துக்கிட்டு இருக்குண்ணே. நீங்க தூங்குங்க."

"மரத்தை இறக்கினீங்களா?"

"எல்லாம் நாங்க பாத்துக்கறோம்ணே."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். மருந்தின் மயக்கம் என்று அவர்கள் நினைத்தார்கள்.

ஒரு நாள் ஒண்ணுமாகாது வீட்டுக்கே வந்து ஒரு யோசனை சொன்னார். "மரம் இல்லாட்டி என்ன? என் மோட்டார் போட்டுல கட்டி இழுத்துட்டுப் போறேன். ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்."

டிரைவர் தலையணையில் சாய்ந்தபடியே கையை வீசினார். "பாய் இல்லாம மோட்டார்ல போனா அது பஸ்ஸு. அதைத்தான் ஆயுசு முழுக்க ஓட்டினேனே. அதுவும் இன்னொருத்தன் இழுக்க, நான் படுத்துக்கிட்டுப் போனா அதுக்கு வேற பேரு இருக்கு. அந்த வண்டியில நான் கடைசியா ஏறிக்கறேன், போ."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சமையலறைக்குள் போய்விட்டாள்.

பட்டறையில் மற்ற வேலைகள் குவிந்து கிடந்ததால் பட்டைகள் வர நாளாயிற்று. அதற்குள் டிரைவரின் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. தம்பியே பிடித்துத் தைத்துக் கொடுத்தார். மறு வாரம் மறுபடியும் பிடித்துத் தைத்தார்.

ஒரு வழியாகப் பட்டைகள் வந்தன. அண்ணியும் துறைக்குப் போனாள். இடப்பக்கத்தில் மூன்றும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தன. போல்ட்கள் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. தையல்காரர் முகத்தில் பல நாளைக்கு அப்புறம் ஒரு வெளிச்சம். வலப்பக்கம் வந்தார்கள். பட்டையை மேலிருந்து இறக்கினார்கள். முதல் போல்ட் போயிற்று. இரண்டாவது துளைக்குப் பின்னால் சுவரின் துளையைக் காணோம். பிறை மாதிரி ஒரு கீற்றுத்தான் தெரிந்தது. அடுத்ததை வைத்துப் பார்த்தார்கள். திருப்பி வைத்துப் பார்த்தார்கள். மூன்றும் பொருந்தவில்லை.

"மடிச்சு வெட்டினேனே" என்றார் தையல்காரர். "ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானே இருக்கணும்?"

ஒண்ணுமாகாது சுவரைத் தட்டிப் பார்த்தார். "இந்தப் பக்கச் சுவர் பிற்பாடு போட்டது. துளையெல்லாம் கைப்போக்குல போட்டிருக்கு." அவர் பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "ஒண்ணும் ஆகாது. இதுல துளையைக் கொஞ்சம் நீளமா அராவிடுவோம். போல்ட் போயிடும். நாளைக்கே மரத்தை ஏத்திடலாம். காத்து கம்மியா இருக்கற நேரமாப் பாத்து, கல்கரை வரைக்கும்தானே?"

"அப்படியே செஞ்சுடுங்க" என்றார் தையல்காரர் அவசரமாக. "புதுசு பண்ணக் கொடுத்தா இன்னும் எத்தனை நாள் ஆகுமோ. அண்ணன்..."

அண்ணி ஒண்ணுமாகாதுவைப் பார்த்துக் கேட்டாள். "துளையை நீட்டிட்டா, இழுவை வரும்போது போல்ட் நகராதா?"

"கொஞ்சம் நகரும். லேசான காத்துதானே?"

"உங்க வீட்டு ஆளுங்களை இதுல ஏத்துவீங்களா?"

அந்த மனிதர், கேளுங்கள், "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லவில்லை. பட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் பேரைக் கெடுத்துக்கொண்ட ஒரே நாள் அதுதான்.

அவள் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் உள்ளங்கையை மூடிக்கொண்டே நடந்தாள், அடித்துக் கொடுத்த கை. டிரைவர் விழித்திருந்தார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். தையல்காரர் கதவருகே தலையைக் குனிந்து நின்றார்.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான்..."

"தொந்தரவா? இங்க படுத்துக்கிட்டு நான் என்ன பஸ்ஸா ஓட்டிட்டு இருக்கேன்?" குரல் உடைந்தது. "கல்யாணமான மறு வருஷம் புயல்ல உன் சக்களத்தியோட வலது விலா துறைச் சுவர்ல இடிச்சு உள்ள வாங்கிடுச்சு. அந்தப் பக்கச் சுவரையே நான்தான் புதுசாப் போட்டேன். நீகூட, வீடு இருக்கறதே மறந்துடுச்சான்னு கத்தினியே. துளையெல்லாம் கண் பார்வையில போட்டது. அவளுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு கிடையாது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். தூங்குங்க, தூங்குங்கன்னா எப்படி? தூங்கத்தானே போறேன்."

அவர் தம்பியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு உதடு துடித்தது.

"மடிச்சா வெட்டினே?"

"ஆமாண்ணே."

"காலர் வச்சியா?"

அவ்வளவுதான், சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. கட்டில் குலுங்கச் சிரித்தார். தம்பியும் அழுதுகொண்டே சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் வலியாகி, அவள் முதுகைத் தடவிக்கொடுத்து நிறுத்த வேண்டியிருந்தது.

மூச்சு வந்ததும் சொன்னார். "துளையை மட்டும் நீட்டாதீங்க. புதுசாப் பண்ணுங்க. எனக்கு அப்புறம் அதுல யாராவது ஏறுவாங்க இல்ல?"

"அப்ப நான் கொடுத்த வாக்கு?" என்றாள் அவள்.

"உங்கிட்டயே வச்சுக்க. அது ஒண்ணும் ஊசிப் போயிடாது."

அந்த முறிந்த துண்டு எங்கே என்று கேட்டார். அவள் தயங்கித் தயங்கி முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். அரித்த இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பளபளத்த தலையைத் தடவினார்.

"இதைத்தான் ஒளிச்சு வச்சியா?"

"ம்."

"பைத்தியக்காரி" என்றார். அதை அவளிடம் திருப்பித் தரவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கேட்காமல் அவர்கள் எதையும் செய்யவில்லை. காலையில் கேட்டுக்கொண்டு துறைக்குப் போவார்கள், மாலையில் வந்து சொல்வார்கள். அட்டையைச் சுவரில் நேரே அழுத்தி, பின்னாலிருந்து பென்சிலை விட்டுத் துளையைக் குறிக்கச் சொன்னார். ஒவ்வொரு பட்டைக்கும் தனி அட்டை. எதுக்கும் எதையும் மடிக்காதே என்று தம்பிக்கு ஒரு குத்து. உள்ளே போக அவர்தான் ஒல்லி என்று தையல்காரர் பென்சிலோடு சுவருக்குப் பின்னால் நுழைந்துகொள்ள, அட்டையை அழுத்திப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அதனால் சபதம் போட்டவள் படகுக்குள் இறங்கினாள். முட்டி போட்டு, இரண்டு கையாலும் அட்டையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றவள் தலையைத் திருப்பியபோது, சின்ன வட்டக் கண்ணாடி வழியாகத் துறை தெரிந்தது. இரும்புத் தூண் தெரிந்தது. அதன் பக்கத்தில் யாரும் இல்லை.

"அண்ணி, ஆடாதீங்க" என்றார் சுவருக்குப் பின்னாலிருந்து தையல்காரர்.

"ஆடலை தம்பி. நீ குறி."

அன்று மாலை டிரைவர் கேட்டார். "உள்ள இறங்கினியாமே. வாந்தி வந்துச்சா?"

"உங்க சக்களத்தி என்னைக் கண்டதும் பெட்டிப் பாம்பா அடங்கிட்டா."

"பட்டையைச் சுத்தித் தண்ணி இறங்காம அடைக்கற பசையை எப்படிப் போடணும்னு கேளு."

"எப்படிப் போடணும்?"

சொன்னார். போல்ட்டை முதல் நாளே முழுக்க முறுக்காதே, பசை பாதி காயட்டும், மறுநாள் வந்து மிச்சத்தை முறுக்கு. கம்பியை இறுக்கும்போது இடது ஒரு சுற்று, வலது ஒரு சுற்று, ஒரே பக்கமாப் போகாதே. விரலால மீட்டிப் பாரு, ரெண்டு பக்கமும் ஒரே குரல்ல பதில் சொல்லணும். இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகத்தில் வலி தெரியாது. அவளும் புரிந்ததையே மறுபடி மறுபடி கேட்டாள். சில நாள் கேட்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனால், வரும் வழியிலேயே ஒரு கேள்வியை யோசித்து வைத்துக்கொள்வாள்.

புதிய அட்டைகள் பட்டறைக்குப் போயிருந்த வாரத்தில் அவர் பேச்சு நின்றது. கையை நீட்டினால் அவள் விரலை மீட்டுவார், கம்பியை மீட்டுகிற மாதிரி. அப்புறம் அதுவும் இல்லை. ஒரு விடியற்காலையில், அவள் பால் காய்ச்சிக் கொண்டுவந்தபோது, டிரைவர் போயிருந்தார்.

வந்தவர்கள் போன பிறகு அவள் தலையணை உறையைத் துவைத்தாள். அந்த முறிந்த துண்டு வைத்திருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கறை. எவ்வளவு கசக்கியும் போகவில்லை. தையல்காரர் வேறு உறை தைத்துத் தருகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

பட்டறையிலிருந்து போன் வந்தபோது அவள் சமையலறையில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். "பட்டை ரெடிங்க. எடுத்துக்கறீங்களா?" என்றது ஒரு குரல். அந்தக் குரலுக்கு எதுவும் தெரியாது.

எடுத்துக்கொண்டார்கள். மூன்று பட்டையும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. போல்ட்டை முதல் நாள் பாதி முறுக்கினார்கள், மறுநாள் வந்து மிச்சத்தை முறுக்கினார்கள். மரம் ஏறியது. கம்பிகளை இடது ஒரு சுற்று, வலது ஒரு சுற்று என்று இறுக்கினார்கள். அவள்தான் மீட்டிப் பார்த்தாள். இடப்பக்கம் ஒரு குரல், வலப்பக்கம் கொஞ்சம் தணிந்த குரல். "இன்னும் கால் சுத்து" என்றாள். ஒண்ணுமாகாது சொன்னபடி திருகினார். மறுபடி மீட்டினாள். பதில் ஒன்றாக வந்தது.

"இனிமே ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டு, அந்த மனிதர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏறுங்க அண்ணி" என்றார் தையல்காரர். "அண்ணனுக்கு வாக்கு கொடுத்தீங்களே."

"அவர்கூட ஏறறதாத்தான் கொடுத்தேன்" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. எனக்கு வேற வேலை இருக்கு."

அவள் இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பாய் விரிந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, துறையைக் கடந்து, கல்கரையின் முனையில் கொஞ்சம் தயங்கி, அந்தப் பக்கம் மறைந்தது. அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். கோபப்பட முயன்றாள். யார்மேல் படுவது என்று தெரியவில்லை. துறையில் வலை காயப்போட்டவர்கள் அவளைப் பார்த்தார்கள், யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை.

வெயில் சாயும்போது பாய் மறுபடி தெரிந்தது. கிட்டே வந்தது. முன்புறம் நின்ற தையல்காரர் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டு, அண்ணியைப் பார்த்ததும் தயங்கினார்.

"வீசு தம்பி" என்றாள்.

வீசினார். அவள் கட்டியிருந்த கைகளை அவிழ்த்து, இரண்டையும் நீட்டினாள். ஆயுளில் ஒரு நாளும் பிடித்துப் பழகாத கைகள். கயிறு விரல் நுனியில் பட்டு, நழுவி, எப்போதும் போலத் தண்ணீரில் விழுந்தது.

அதைப் பார்த்துச் சிரிக்கவோ, கை தேய்ந்துவிடுமா என்று கேட்கவோ ஆள் இல்லை. அவள் துறையின் விளிம்பில் முட்டி போட்டுக் குனிந்து, ஈரக் கயிற்றை இழுத்து எடுத்தாள். தூணைச் சுற்றினாள். முடிச்சு போடத் தெரியவில்லை. தையல்காரர் இறங்கி வரும்வரை, படகை அப்படியே கையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.